சும்மா இருந்தவள்

1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக ஒரு பள்ளி ஆசிரியர், பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா அவரை வராந்தாவில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு.

“வீட்ல அம்மா ஏதாவது வேலை செய்றாங்களா?”

“இல்ல சார். சும்மாதான் இருக்கா.”

சும்மா இருந்த அம்மா, உள்ளே ஜன்னல் கம்பியில் ஒரு இரும்பு வளையத்தைக் கட்டி, அதில் தொங்கிய நைலான் கயிறுகளில் முடிச்சு போட்டுக்கொண்டிருந்தாள். பூந்தொட்டியை வைத்துத் தொங்கவிடும் மேக்ரமே. சாருக்குக் காபி என்று அப்பா குரல் கொடுத்ததும், இழைகள் கலையாமல் இருக்க ஒரு துணி கிளிப்பை மாட்டிவிட்டு எழுந்துபோனாள். காபியைக் கொடுத்துவிட்டு வந்து, கிளிப்பைக் கழற்றி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

மலைக்கோட்டைப் பக்கம் இருந்த ஒரு கடையிலிருந்து அந்த வேலை வந்தது. கயிற்றை எடை போட்டுக் கொடுப்பார்கள். முடித்துக் கொண்டுபோனால் அதையும் எடை போடுவார்கள். வெட்டிய துண்டுகளையும் பையில் போட்டுத் திருப்பித் தர வேண்டும். ஒன்றுக்கு எட்டு ரூபாய் கூலி. அதே தொங்கலுக்குக் கடையில் நாற்பத்தைந்து ரூபாய் என்று சீட்டு ஒட்டியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். சமையல், தண்ணீர் பிடிப்பது, எங்களைப் பள்ளிக்கு அனுப்புவது எல்லாம் போக, ஒன்றை முடிக்க அம்மாவுக்கு இரண்டு நாள் ஆகும். எங்கள் பாட்டி அதைப் பார்த்துவிட்டு, “உறி கட்டுறதுக்கா காசு குடுக்குறான்?” என்று சிரித்தாள்.

நான்கு இழைகளை எடுத்துக்கொண்டால் நடுவில் இருக்கும் இரண்டும் அசையாது. ஓரத்து இரண்டும்தான் நடு இழைகளைச் சுற்றி, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, இறுகி முடிச்சாகும். ஒரு முறை இடமிருந்து, அடுத்த முறை வலமிருந்து என்று மாற்றி மாற்றிப் போட்டால் பட்டையாக வரும். அம்மாவுக்கு அது ‘தட்டை’. ஒரே பக்கத்திலிருந்தே போட்டுக்கொண்டு போனால் தானாகத் திருகிக்கொள்ளும். அது ‘முறுக்கு’. வெட்டும்போதே ஓர இழைகளை நடு இழைகளைவிடப் பல மடங்கு நீளமாக எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதியில் தீர்ந்துவிடும். “நடுவுல நிக்கிறது உங்கப்பா மாதிரி, ஒரு செலவும் இல்ல” என்று அம்மா ஒருநாள் சொன்னாள். கடைசியில் நுனி பிரியாமல் இருக்க மெழுகுவத்தியில் காட்டி, உருகியதை விரலாலேயே அழுத்த வேண்டும். அவளுடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தழும்பேறி வழவழவென்று இருக்கும்.

பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன், இந்த முடிச்சுகளை ஒரு காலத்தில் மாலுமிகளும் போட்டார்கள் என்று. நீண்ட கடல் பயணத்தில் பெல்ட்டும் பையும் பின்னித் துறைமுகங்களில் விற்றார்கள். அது மாலுமியின் கைத்திறன் எனப்பட்டது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வரவேற்பறைக்குள் வந்து பெண்கள் போட்டபோது, அது பொழுதுபோக்கு ஆகிவிட்டது. நம் நாட்டில் மிருணாளினி முகர்ஜி சணல் கயிற்றைக் கையாலேயே முடிச்சிட்டு ஆளுயரத்துக்கும் மேலான சிற்பங்கள் செய்தார். ‘யக்‌ஷி’ என்று ஒன்றுக்குப் பெயர் வைத்தார். அவர் 2015இல் மறைந்தார். 2019இல் நியூயார்க்கில் அவருக்கென்று பெரிய கண்காட்சி நடந்தது. ஆனால் கயிறு என்பதாலேயே, இது சிற்பமா கைவினையா என்ற கேள்வி அவரைத் துரத்திக்கொண்டே இருந்தது.

அந்த 1991 படிவத்தைப் பற்றியும் பின்னால் படித்தேன். பெண்களின் உழைப்பு விடுபட்டுப் போகிறது என்பதால், வயலிலோ குடும்பத் தொழிலிலோ செய்யும் ஊதியமில்லாத வேலையையும் சேர்த்துக் கேட்கும்படி அந்த முறைதான் கேள்வியைத் திருத்தியிருந்தார்கள். அம்மாவுடையதோ கூலி வாங்கிய வேலை. அதுகூடக் கணக்கில் வரவில்லை. திருத்திய கேள்விக்கும் பதில் சொன்னது அப்பாதான். வீட்டிலிருந்தே கூலிக்கு வேலை செய்பவர்களுக்காகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. 2019இன் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். அம்மாவின் முடிச்சு நேரம் அந்த நிமிடங்கள் போக மீதியில்தான் இருந்தது.

அப்பாவை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு உரிமையில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, கல்லூரி விண்ணப்பத்தில் ‘தாயின் தொழில்’ என்ற இடத்தில் நான் ‘இல்லை’ என்று எழுதினேன். விண்ணப்பக் கட்டணத்தை அம்மா சீரகச் சம்படத்திலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தாள். அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டுதான் எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. கை தானாகப் போயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு மேக்ரமே பயிற்சிக்குப் பணம் கட்டிப் போனேன். முடிச்சு போடுவது மனத்தை அமைதிப்படுத்தும் என்றார் சொல்லிக்கொடுத்த பெண். அவர் காட்டுவதற்குள் என் விரல்கள் தட்டையை முடித்து முறுக்குக்குப் போய்விட்டன. எனக்குப் பெருமையாக இருந்தது. மாலை அம்மாவுக்கு போன் செய்து சொன்னேன்.

“மன அமைதியா? எனக்கு விரல் எரிஞ்சதுதான் ஞாபகம் இருக்கு. சனிக்கிழமைக்குள்ள நாலு குடுக்கணும்டி.”

அவள் உழைப்பைக் கலை என்று சொல்லிவிட்டால் என் கடன் தீர்ந்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன் போல. அவள் அதற்கு இடம் தரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே, “அந்த ஆந்தை மட்டும் நானா போட்டது” என்றாள்.

சமையலறையில் அரிசி டின்னுக்கு மேலே ஓர் ஆந்தை தொங்கியது. கண்ணுக்கு இரண்டு மரமணி, உட்கார ஒரு குச்சி. கயிற்றை அவள் தன் காசில் வாங்கியிருந்தாள். ஒருமுறை கடைக்காரர் வீட்டுக்கு வந்தபோது அதைப் பார்த்துவிட்டு இருபது ரூபாய்க்குக் கேட்டார். “அது விக்கிறதுக்கு இல்லீங்க” என்றாள் அம்மா. எட்டு ரூபாயை ஒன்பதாக்கிக் கேட்கத் தயங்கியவள் அவள். இப்போது ஸ்டவ் கரி படிந்த அந்த ஆந்தை என் வீட்டில் இருக்கிறது.

போன வருடம் அம்மாவைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். படிவத்தில் ‘தொழில்’ என்று ஒரு கட்டம். பேனாவை வைத்துக்கொண்டு, “என்னம்மா எழுத?” என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு யோசித்துச் சொன்னாள்: “கூலிக்கு முடிச்சு போட்டேன். பதினோரு வருஷம்.”

கட்டம் சின்னது. பொடி எழுத்தில் முழுவதையும் எழுதினேன்.