அப்பா கால் தூக்கும் உயரம்

அக்டோபர் 7, 2023, சனி

காலையில் மோட்டாரைக் கழுவும்போதுதான் பின்டயரை உட்கார்ந்து பார்த்தேன். நடுப்பகுதி தட்டையாகிவிட்டது. பள்ளத்துக்குள் சின்னதாக ஒரு ரப்பர் மேடு இருக்கும். அது எங்கே இருக்கிறதென்று டயரின் பக்கவாட்டில் டிடபிள்யூஐ என்ற எழுத்துகள் காட்டும். அந்த மேடும் மேல்ரப்பரும் சமமாக வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. என்னுடையது சமமாகிவிட்டது.

ஜூன் மாதம் வாங்கிய இரண்டாம் கை வண்டி. ஹோண்டா சிபி500எக்ஸ், 471 சிசி, முன்சக்கரம் 19 அங்குலம், பின்சக்கரம் 17. தார்ச் சாலையில் நாள்முழுக்க ஓடும், செம்மண் தடத்திலும் பயமில்லாமல் இறங்கும். எனக்காக வாங்கியதுதான். இப்போது அப்பாவும் பின்னால் ஏறப் போகிறார்.

தீபாவளிக்கு முன்னால் பகாவ் பக்கம், தான் பிறந்த தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார். தம்பி காரில் அழைத்துப் போகிறேன் என்றான். அப்பா கேட்கவில்லை. "நான் அங்கேருந்து வந்தது சேக்காளியோட ஹோண்டா கப்சாய்ல பின்னாடி குந்திக்கிட்டு. போறதும் அப்படித்தான் போவேன் பாப்பா." அவருக்கு 71 வயது.

அக்டோபர் 8, ஞாயிறு

கையில் 3,000 வெள்ளி இருக்கிறது. மூன்று மாதமாக மனத்தில் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது: இரு பக்கமும் அலுமினியப் பெட்டி, பின்னால் டாப் பாக்ஸ், கிராஷ் பார், என்ஜினுக்கு அடித்தகடு, பனி விளக்கு, கைக்காப்பு. நேற்று அந்த டயரைப் பார்த்த பிறகு பட்டியல் தலைகீழாகிவிட்டது. இவ்வளவு பெரிய வண்டி தரையைத் தொடுவது இரண்டே இடத்தில். ஒவ்வொன்றும் ஓர் உள்ளங்கை அகலம்தான். அப்பாவின் உயிரும் என் உயிரும் அந்த இரண்டு உள்ளங்கையில் இருக்கும். பெட்டி இல்லாமல் போகலாம், இந்த டயரோடு போகக்கூடாது.

அக்டோபர் 14, சனி

இன்று ஒரு கடையில் ஏமாந்திருப்பேன். முன்னும் பின்னும் சேர்த்து 750 வெள்ளி என்றார்கள். நல்ல கம்பெனி டயர், அளவும் சரி, 110/80-19, 160/60-17. அந்த விலைக்குக் கிடைக்காத சரக்கு. டயரைத் திருப்பித் திருப்பிப் பக்கவாட்டில் தேடினேன். முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு எண்: 1419. 2019ஆம் ஆண்டு பதினான்காம் வாரம் செய்தது. நாலரை வருஷம் கடையிலேயே இருந்திருக்கிறது.

"ஓடாத டயர்தானே, புதுசுதான்" என்றார் கடைக்காரர். ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயது ஏறும். காற்றும் சூடும் பட்டுப் பட்டு உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பசை போய் இறுகிவிடும். நகத்தால் அழுத்தினேன், தடம் விழவில்லை. பக்கத்தில் இருந்த வேறொரு டயரில் விழுந்தது. வேண்டாமென்று சொல்லி வந்துவிட்டேன். மோட்டார் வைத்திருக்கிற பெண்கள் எல்லாருக்கும் சொல்கிறேன், கடையில் முதலில் பார்க்க வேண்டியது விலைச்சீட்டு அல்ல, அந்த நான்கு எண்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். "ஒட்டுப்பாலக் கூட ரொம்ப நாள் வெயில்ல போட்டா வெடிச்சுப் போவும்" என்றார். மரத்தில் வெட்டுக்கோட்டிலேயே காய்ந்து ஒட்டிக்கொள்ளும் பாலை உரித்தெடுத்துச் சாக்கில் கொண்டுபோவார்களாம்.

அக்டோபர் 17, செவ்வாய்

நாலு மணி மழை இன்றும் பெய்தது. அக்டோபர், நவம்பரில் கோலாலம்பூரில் மதியத்துக்குப் பிறகு வானத்தை நம்ப முடியாது. வேலை முடிந்து எம்ஆர்ஆர்2 வழியாக வரும்போது மேம்பாலத்தின் இரும்பு இணைப்பில் பின்சக்கரம் ஒரு சாண் வழுக்கியது. ஒரு கணம்தான். வீடு வந்து சேரும்வரை கை நடுங்கியது.

அதனால் எந்த வகை டயர் என்பதும் முடிவாகிவிட்டது. காண்டினென்டல் டிகேசி 80 மேல் எனக்கு ஆசை உண்டு. கட்டிகட்டியாகப் பல் வைத்த டயர், படத்தில் பார்த்தாலே பாலைவனம் தெரியும். ஆனால் பல் டயரில் ரப்பர் தரையைத் தொடும் பரப்பு குறைவு. ஈரத் தாரிலும் வெள்ளைக் கோட்டிலும் அது பிடிக்காது, கொஞ்ச நாளில் தேய்ந்தும் போகும். நான் போகிற வழியில் தொண்ணூறு பங்கு தார். சிலிக்கா கலந்த ரப்பர், தண்ணீரை வெளியே தள்ளும் ஆழமான பள்ளம்: அதுதான் நம் ஊர் மழைக்கு. பிரெல்லி ஸ்கார்பியன் டிரெயில் 2 என்று தீர்மானித்தேன்.

எடைக் குறியீட்டையும் பார்த்துக்கொண்டேன். முன்டயருக்கு 59, அதாவது 243 கிலோ தாங்கும். பின்டயருக்கு 69, அதாவது 325 கிலோ. வண்டியே கிட்டத்தட்ட 200 கிலோ, அதன்மேல் நாங்கள் இரண்டு பேர், சாமான்கள். எண்ணுக்குள் அடங்குகிறது.

அக்டோபர் 21, சனி

பாண்டான் இண்டாவில் ஒரு பட்டறை. போமென் அண்ணன் இருபது வருஷமாகப் பெரிய மோட்டார்கள் பார்க்கிறார். ஜோடி 1,240 வெள்ளி, மாட்டுகூலி தனி. தேதி எண்ணை நான் கேட்பதற்குள் அவரே டயரைத் திருப்பிக் காட்டினார்: 1123. "பாத்துக்கங்க தங்கச்சி" என்றார்.

அப்பாவும் வந்திருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அண்ணன் வால்வைக் கழற்றிக் காற்றைவிட்டார். டயரின் விளிம்பைக் கருவியில் அழுத்தி ரிம்மிலிருந்து பிரித்து, பழைய டயரை உருவி அப்பாவின் காலடியில் உருட்டிவிட்டார். அப்பா குனிந்து பக்கவாட்டைத் துடைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். இது வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபோதே போட்டிருந்த டயர். டன்லப்.

"டன்லப்பா?"

ஆமாம் என்றேன்.

"இவன் தோட்டந்தான் பாப்பா அது."

எனக்கு இது தெரியாது. தோட்டம், தோட்டம் என்றுதான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். யாருடைய தோட்டம் என்று கேட்டதே இல்லை. டயர் செய்கிற டன்லப் கம்பெனி மலாயாவில் பெரிய பெரிய ரப்பர்த் தோட்டங்களை வைத்திருந்தது, நெகிரி செம்பிலானிலும் இருந்தது. பாட்டி பால்வெட்டுக்காரி. அப்பாவை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார். அப்பா பதினான்கு வயதில் தானும் கத்தியைப் பிடித்தார். விடியுமுன் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு நெற்றியில் விளக்கோடு நிரைக்குள் நுழைய வேண்டும். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் நின்றுவிடும், குளிர்ச்சியில்தான் ஓடும். மரத்தில் மாட்டிய மங்கு நிறைந்ததும் வாளியில் ஊற்றி, தோளில் காண்டாக் கட்டி ஸ்டோருக்கு. அங்கே அமிலம் ஊற்றி உறையவைத்து, தகடாக்கி, புகை போடுவார்கள். கப்பலேறிய பிறகு அது என்னவாயிற்று என்று லயத்தில் யாருக்கும் காட்டியதில்லை. அப்பா அந்த டயரைக் காலுக்கிடையில் நிறுத்திவைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசினார். அண்ணன் வேலையை நிறுத்தாமலே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய அம்மாவும் தோட்டம்தானாம், சுங்கை சிப்புட் பக்கம்.

புது டயரின் விளிம்பில் சோப்புத்தண்ணீர் தடவினார். டயரில் ஒரு மஞ்சள் புள்ளி இருந்தது. அது வால்வுக்கு நேராக வருகிற மாதிரி வைத்தார். டயரின் இலேசான இடம் அது, வால்வு கனமான இடம், இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டும். சுழலும் திசை அம்புக்குறியை இரண்டு தடவை பார்த்தார். காற்று ஏற ஏற, டப் என்று ஒரு சத்தம், கொஞ்சம் பொறுத்து இன்னொரு டப். விளிம்பு இரண்டு பக்கமும் ரிம்மில் உட்கார்ந்துவிட்டது. பிறகு சக்கரத்தைச் சுழலவிட்டு, கனம் இழுக்கிற பக்கம் பார்த்து, எதிரில் ஈயத்துண்டு ஒட்டினார்.

புது டயர் முழுக்க மெல்லிய ரப்பர் முடிகள். அப்பா ஒன்றைப் பிய்த்து முகர்ந்து பார்த்தார். "ஸ்டோர் வாசம் இல்ல" என்றார்.

புறப்படும்போது அண்ணன் என் கையைப் பிரேக்கில் வைத்து நாலைந்து முறை அழுத்தச் சொன்னார். சக்கரம் கழற்றி மாட்டினால் பிரேக் பிஸ்டன் உள்ளே தள்ளிப் போயிருக்கும். அழுத்தாமல் கிளம்பினால் முதல் பிரேக் பிடிக்காது. "நூறு கிலோமீட்டர் வரைக்கும் சாய்க்காதீங்க, மேல வழவழப்பு இருக்கும்."

அக்டோபர் 22, ஞாயிறு

டாப் பாக்ஸை மாட்டியாயிற்று. கூடவே தெரிந்தவரிடம் ஒரு ஜோடி பக்கப் பெட்டியை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. அகலம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர். ஜாலான் அம்பாங் நெரிசலில் கார்களுக்கு இடையில் இது நுழையாது.

அதைவிடப் பெரிய விஷயம், அப்பாவை ஏறச் சொன்னபோது தெரிந்தது. டாப் பாக்ஸ் பின்னால் சுவர் மாதிரி நிற்கிறது, பக்கத்தில் பெட்டி. இருக்கைக்கு மேலாகக் காலை வீசுவதற்கு இடமே இல்லை. மூன்று முறை முயன்றார். மூன்றாவது முறை முழங்கால் பெட்டி முனையில் இடித்தது. ஒன்றும் சொல்லாமல் தேய்த்துக்கொண்டார். இன்றே பக்கப் பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது டாப் பாக்ஸ் மட்டும், முதுகுக்குத் தலையணை ஒட்டியது. உள்ளே பத்துக் கிலோவுக்கு மேல் வைக்கக்கூடாது என்று மூடியில் எழுதியிருக்கிறது. பின்னச்சுக்கும் பின்னால் உயரத்தில் கனம் ஏறினால் வேகத்தில் முன்பக்கம் இலேசாகி ஆடும். நான் வண்டியில் உட்கார்ந்து காலை ஊன்றிக்கொண்டதும், அப்பா இடது கால்மிதியில் ஏறி நின்று, என் தோளைப் பிடித்து, ஏணிப்படி ஏறுவதுபோல் காலை மடக்கி அந்தப் பக்கம் போடுகிறார். ஐந்து முறை பழகினோம். சரியாக வந்தது.

மிச்சக் காசில் கிராஷ் பார் மாட்டியாயிற்று. பனி விளக்கு வேண்டாம், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம். அடித்தகடும் இப்போதைக்கு வேண்டாம்.

அக்டோபர் 29, ஞாயிறு

அப்பாவோடு ஒத்திகை. பின் ஸ்பிரிங்கை இரண்டு படி இறுக்கினேன், காற்றை ஸ்டிக்கரில் இருவருக்கென்று போட்டிருக்கிற அளவுக்கு வைத்தேன். அம்பாங்கிலிருந்து மலை ஏறி, லுக்கவுட் தாண்டி, உலு லங்காட் பதினான்காம் மைல் வரை. இறக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. வளைவுகளில் வண்டி கயிற்றில் கட்டின மாதிரி போயிற்று. பின்னால் அப்பா ஏதோ பழைய பாட்டை முனகிக்கொண்டு வந்தார்.

நவம்பர் 5, ஞாயிறு

ஆறரைக்குக் கிளம்பினோம். உலு லங்காட், பிறகு கெந்திங் பெராஸ் கணவாய். காட்டுக்குள் குறுகலான சாலை, ஈர இலை, பாசி, குரங்குகள். அதைத் தாண்டினால் நெகிரி. கோல கிளாவாங்கில் ரொட்டி சானாய், பிறகு சிம்பாங் பெர்தாங், ஜுவாசே, பகாவ்.

தோட்டம் முழுக்கச் செம்பனை. லயம் இருந்த இடத்தை அப்பாவால் குத்துமதிப்பாகத்தான் காட்ட முடிந்தது. செம்மண் தடத்தில் இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனோம். ஈரமாக இருந்தும் டயர் பிடித்தது. திரும்பும் வழியில் யாரோ சிறுதோட்டக்காரருடைய பால்மரங்கள் கொஞ்சம் இருந்தன. அப்பா இறங்கிப் போய் ஒரு மரத்தின் வெட்டுக்கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். "காயம் பட்டிருக்கு. ஆழமா இழுத்துட்டான்" என்றார்.

ஐந்து மணிக்கு வீடு. முழங்கால் வலிக்கிறது என்று தைலம் கேட்டார். டயரைப் பார்த்தேன்: நடுவில் முடிகள் போய்விட்டன, ஓரங்களில் இன்னும் இருக்கின்றன.

நவம்பர் 8, புதன்

பழைய டன்லப் டயரை அப்பா பட்டறையில் விடவில்லை; மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறார். இரவு மழையில் உள்ளே தண்ணீர் தேங்கிவிட்டது. டிங்கி கொசு வரும், தூக்கிப் போட்டுவிடலாம் என்றேன். பாண்டான் செடி வைக்கப் போகிறாராம்.

சமையலறைக் கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்து, டயரைச் சுவரில் சாய்த்து, பக்கவாட்டில் ஒரு கோடு இழுத்தார். இடது மேலிருந்து வலது கீழாக, சரிவாக. அழுத்தவே இல்லை, கை தன்பாட்டுக்குப் போனது. இரண்டாவது இழுப்பில் துணி இழை தெரிந்தது, மூன்றாவதில் தண்ணீர் அந்தக் கோட்டின் கீழ்முனையில் சேர்ந்து சொட்டத் தொடங்கியது.