கரையோரக் கூடாரம்

அன்புவழிபுரத்திலிருந்து மாணவருடன் நிலாவெளிக்குச் சென்றிருந்தேன். யால வனத்தோரம் 2017இல் திறக்கப்பட்ட ‘வைல்ட் கோஸ்ட்’ விடுதியைப் பற்றிப் பேச்செழுந்தது. கூட்டுப்புழுவின் கூடு போன்ற துணிக்கூடாரங்கள். உள்ளே கட்டிலும் குளியலறையும்! காட்டருகே வசதியாகத் துயில்வதே இப்புதுமுறை.

“இங்கும் அமைக்கலாமே, ஐயா” என்றான் ஒருவன்.

எதிரே புறாத்தீவு தெரிந்தது. 1963இல் சரணாலயமாகவும், 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட தீவு அது. ஆயினும் அதன் முருகைக்கற்களை விருந்தினரின் கால்கள் மிதித்துச் சிதைத்தன. கூடாரத்தை ஒரே நாளிற் பெயர்க்கலாம். மடிந்த முருகைக்கல் தழைக்கப் பல்லாண்டுகள் வேண்டும்.

“கழிவுநீர் எங்கே செல்லும்? கரைவலை இழுக்க மணல் மிஞ்சுமா? இவ்விரண்டுக்கும் விடை கண்டபின் முளையடிக்கலாம்” என்றேன்.

அவன் பேசவில்லை. அவன் தந்தையும் கரைவலை இழுப்பவரே.