புலி இலச்சினையும் ஓர் அமீபாவும்

காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் பொதிகளின்மேல் சோழரின் புலி இலச்சினை பொறிக்கப்படுவதைப் பட்டினப்பாலை சொல்கிறது. அப்பகுதியை நடத்துகையில் எனக்கு அதிக விளக்கம் தேவைப்படுவதில்லை. ராயபுரத்துப் பிள்ளைகள் துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள். முத்திரையில்லாத சரக்கு நகராதென்பது அவர்களுக்குத் தெரியும். இதே ஏற்பாடு ஓர் உயிரணுவுக்குள்ளும் நடக்கிறதென்பதை நான் மிகத் தாமதமாகவே அறிந்தேன்.

துறைமுகத்தில் மூட்டை சுமந்த என் தந்தையாருக்குக் கல்லீரலில் சீழ்க்கட்டி வந்தது. ஊசிவழி இறக்கிய சீழ் செம்பழுப்பாயிருந்தது. எங்கள் தெருவில் சீதபேதி என்று சொல்லிக் கடந்துவிடும் நோயின் கிருமிதான், குடற்சுவரை அரித்து இரத்தத்தோடு கல்லீரலை அடைந்திருக்கிறதென்றார் மருத்துவர். எப்படி அரிக்கிறது? அவருக்கு நேரமில்லை. பிழைத்துக்கொண்டார் அப்பா, கேள்வி என்னிடமே தங்கிவிட்டது.

எண்டமீபா ஹிஸ்டோலிட்டிகா என்பது அதன் பெயர். திசுவைக் கரைப்பது என்ற பொருளில் 1903இல் ஷௌடின் இட்டது. கரைக்கும் நொதிகள் அமீபாவுக்குள் நுண்பைகளில் பொதியப்பட்டு வெளியே அனுப்பப்படுகின்றன. எந்தப் பை எங்கே போகவேண்டுமென்று தீர்மானிப்பவை 'ராப்' எனும் புரதங்கள். (எலி மூளையிலிருந்து கண்டெடுத்ததால் ஆங்கில முதலெழுத்துகளால் அமைந்த பெயர். நம் ஆட்கள் இன்னும் அழகாகப் பெயரிட்டிருப்பார்கள்.) ஜிடிபி என்ற மூலக்கூறு ஒட்டியிருக்கையில் இலச்சினை செல்லும், அது சிதைந்தால் செல்லாது.

மனித உடலில் ராப்கள் ஏறத்தாழ 60 முதல் 70 வரை. இந்த ஒற்றை உயிரணுவிலோ 90க்கும் மேல்! 2005இல் மரபணுத் தொகுதி வெளியானபோது ஆய்வாளர்கள் வியந்த செய்திகளில் இதுவும் ஒன்று. ஜப்பானிய ஆய்வாளர் நோசாகியின் குழு, அமீபா சிவப்பணுவை விழுங்குகையில் ராப்5, ராப்7ஏ இரண்டும் தனியொரு பையில் கூடுவதைக் காட்டியது. ராப்11பி, சிஸ்டீன் புரோட்டியேஸ் என்னும் அரிக்கும் நொதியின் ஏற்றுமதியோடு தொடர்புடையது. அதன் அளவைக் கூட்டினால் வெளியேறும் நொதியும் கூடுகிறது. போபால் ஐசர் நிறுவனத்தில் சுனந்தோ தத்தாவின் குழுவும் இத்துறையில் உழைக்கிறது.

ஏற்றுமதியைத் தடுத்தால் நோய் அடங்குமே என்று தோன்றும். ஆனால் ராப்11 நம் உயிரணுக்களிலும் உண்டு. ஒன்றை முடக்கும் மருந்து மற்றதையும் முடக்கக்கூடும். மனிதரிடம் இணையில்லாத ராப்களும் அமீபாவிடம் பல இருக்கின்றன. என் தந்தையாரின் குடலில் எது எந்தப் பொதியை ஏற்றியதோ, அந்தப் புலியைத்தான் முதலில் அடையாளம் காணவேண்டும்.