ஐயாவின் லாண்ட்மாஸ்டர் பெட்டி

லாண்ட்மாஸ்டர் என்றால் வன்னியில் எவருக்கும் விளக்கம் தேவையில்லை. முன்னால் இரண்டு சில்லும் இரண்டு நீண்ட கைபிடியும் கொண்ட உழவு இயந்திரம்; பின்னால் கொழுவிய ஒரு பெட்டி. லாண்ட்மாஸ்டர் என்பது ஒரு பிரித்தானியக் கம்பனியின் பெயர். இன்று எங்கள் வீதிகளில் ஓடுபவை பெரும்பாலும் யப்பானிலோ சீனாவிலோ செய்தவை. ஆனாலும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. வயலை உழுவது இயந்திரம் என்றால், ஊரைச் சுமப்பது அந்தப் பெட்டிதான். நெல்மூட்டை, மணல், விறகு, தண்ணீர்த் தாங்கி, கலியாண வீட்டுக் கதிரைகள், சில வேளைகளில் நோயாளி என்று எல்லாமே அதில் ஏறும்.

வாப்பா நெடுங்கேணியில் வெல்டிங் கடை வைத்திருக்கிறார். எங்கள் வீடு வவுனியாவில். விடுமுறை நாட்களில் நானும் அவருடன் போவேன். ஏ-9 வீதியில் புளியங்குளம் வரை போய், அங்கே கிழக்கே திரும்பினால் காடும் வயலுமாக வீதி நீளும். நான் உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பம் படிப்பதால், "பாடத்துக்கு உதவும்" என்று உம்மாவிடம் சொல்லித்தான் புறப்படுவேன். "குமர்ப்பிள்ளைக்கு வெல்டிங் கடையில் என்ன வேலை?" என்று பெரிய வாப்பா ஒருமுறை கேட்டார். "டேப் பிடிக்கிற வேலை" என்று வாப்பா சொன்னார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

சென்ற ஆவணி மாதம் ஒரு ஐயா தன் பெட்டியைக் கொண்டு வந்தார். எழுபது வயதிருக்கும். அவரோடு குளத்தில் மீன் பிடிக்கும் மூன்று பேர் வந்திருந்தார்கள். நால்வருக்கும் பொதுவாக ஒரு பைபர் வள்ளம் உண்டு. அதை ஏற்றுவதற்கு ஏற்றபடி பெட்டியை மாற்றித் தரவேண்டும் என்று கேட்டார்கள்.

வள்ளத்தை ஏன் ஏற்றித் திரியவேண்டும் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. ஐயாதான் விளக்கினார். ஒட்டுசுட்டான் பக்கம் உள்ள முத்தையன்கட்டுக்குளம் போன்ற பெரிய குளம் என்றால் வள்ளம் ஓரிடத்திலேயே கிடக்கலாம். நெடுங்கேணியைச் சுற்றியிருப்பவை அநேகமாகச் சிறிய குளங்கள். மாரியில் நிரம்பும், கோடையில் வற்றும். மழைக்குப் பிறகு மீன்குஞ்சு விட்டால், ஆடி ஆவணியில் தண்ணீர் இறங்கும்போது அறுவடை செய்ய வேண்டும். ஒரு குளம் முடிந்தால் அடுத்த குளம். இரண்டு மூன்று இரவு குளக்கட்டிலேயே தங்க வேண்டியிருக்கும். ஆகவே வள்ளத்தோடு வலை, ஐஸ் பெட்டி, தறப்பாள், பானை சட்டி, ரோச் லைட் எல்லாம் போகவேண்டும். ஒரு குளத்தில் தண்ணீர் வற்றும் வேகத்துக்குப் போய்ச் சேராவிட்டால் மீன் சேற்றில் செத்துவிடும், அல்லது கொக்குக்கும் நாரைக்கும் போய்விடும். அதற்கு முதல் ஆண்டு வள்ளம் கொண்டுபோக வாகனம் கிடைக்காமல் ஒரு குளத்து மீன் அப்படியே போனதாம். நாலு குடும்பத்தின் வருமானம் அது.

இந்தக் குளத்து மீன்பிடிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. நாம் சாப்பிடும் திலாப்பியா இந்த மண்ணின் மீன் அல்ல. 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் பிறகுதான் குளத்து மீன்பிடி ஒரு தொழிலாகவே வளர்ந்தது. 1990 முதல் 1994 வரை அரசாங்கம் நன்னீர் மீன்பிடிக்கான ஆதரவை நிறுத்தி வைத்திருந்ததும் உண்டு. நெல்லுக்காகக் கட்டிய குளம் மீனும் தருகிறது என்பதை நாம் அவ்வளவாக நினைத்துப் பார்ப்பதில்லை.

வெளிநாடுகளில் கயாக் என்ற ஒடுங்கிய சிறுவள்ளத்தைக் கார்களின் பின்னால் இழுக்கும் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போய், ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்குவது ஒரு பொழுதுபோக்கு. அந்தக் கயாக்கும் பொழுதுபோக்குக்காகப் பிறந்ததல்ல. வடதுருவப் பனிப்பிரதேசத்து இனுவிற் மக்கள் கடல்நாய் வேட்டைக்காகத் தோலால் செய்த வள்ளம் அது. பழைய பெட்டிகளைக் கயாக் ஏற்ற மாற்றும் படங்கள் சிலவற்றை நான் பார்த்திருந்தேன். பெட்டிக்கு மேல் ஒரு இரும்புச் சட்டம். சட்டத்தின் மேல் வள்ளம். கீழே மற்றச் சாமான். அதை வாப்பாவுக்குக் காட்டினேன். "இது காருக்குப் பின்னால போற பெட்டி மகள். லாண்ட்மாஸ்டர் வேற" என்றார். எங்கே வேறு என்பதைக் கண்டுபிடிக்கத்தான் எங்களுக்கு இரண்டு நாள் எடுத்தது.

லாண்ட்மாஸ்டரில் ஓட்டுபவர் இயந்திரத்தில் இருப்பதில்லை. பெட்டியின் முன்தண்டில் உள்ள இருக்கையில் இருப்பார். பெட்டி 7 அடி நீளம், வள்ளம் 16 அடி. ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து வள்ளத்தைப் பெட்டிக்குள் வைத்தால், 9 அடி பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். ஐயாவின் ஆட்கள் அப்படித்தான் வைக்க நினைத்திருந்தார்கள். பின்பலகையைக் கழற்றி, கயிறு போட்டுக் கட்டினால் போதும் என்பது அவர்களின் எண்ணம்.

நான் கொப்பியில் கணக்குப் போட்டேன். சீசோ விளையாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அச்சு. பெட்டியின் முன் விளிம்பிலிருந்து அச்சு 4 அடி. வள்ளத்தின் நடுப்பகுதியோ 8 அடியில் வருகிறது. அதாவது வள்ளத்தின் முழுப்பாரமும் அச்சுக்கு 4 அடி பின்னால் தொங்குவது போல. வள்ளம் 80 கிலோ என்றால், 80 ஐ 4 ஆல் பெருக்க 320. கொழுவும் இடம் அச்சிலிருந்து 9 அடி முன்னால். 320 ஐ 9 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 35 கிலோ. அவ்வளவு விசையோடு பெட்டியின் முன்தண்டு மேலே எழப் பார்க்கும்.

கணக்கை நம்பாத இரண்டு பேர் அங்கே இருந்ததால், நெல் நிறுக்கும் தராசு ஒன்றைப் பக்கத்துக் கடையில் இரவல் வாங்கினோம். வெறும் பெட்டியின் முன்தண்டைத் தராசில் வைத்தபோது 25 கிலோ காட்டியது. வள்ளத்தைப் பின்னால் நீட்டி வைத்தோம். தண்டு தராசை விட்டு மெதுவாக எழுந்து நின்றது. ஒருவர் இருக்கையில் ஏறி இருந்தார், தண்டு இறங்கியது. அவர் இறங்கினார், மறுபடி எழுந்தது. ஓட்டுபவர் ஒரு மேட்டில் இறங்கி நின்றால் என்ன நடக்கும் என்பதை யாரும் சொல்லத் தேவை இருக்கவில்லை. தண்டில் பாரம் குறைந்த பெட்டி ஓடும்போது பாம்பு போல வளையும் என்பதும் உண்மை. மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்காவது கொழுவும் இடத்தில் இறங்கவேண்டும் என்பது பொதுவான விதி.

ஆகவே வள்ளத்தை முன்னால் தள்ள வேண்டும். முன்னால் தள்ளினால் ஓட்டுபவரின் தலை இடிக்கும். அப்படியானால் தலைக்கு மேலால்தான் போகவேண்டும். நிலத்திலிருந்து ஆறேகால் அடி உயரத்தில் முன்னும் பின்னும் இரண்டு குறுக்குச் சட்டம். அதன் மேல் வள்ளத்தைக் கவிழ்த்து வைத்தால் முன்னால் நாலரை அடியும் பின்னால் நாலரை அடியும் நீட்டும். பாரத்தின் நடு, அச்சுக்கு அரை அடி முன்னால் வந்துவிடும். கவிழ்ந்த வள்ளம் ஓட்டுபவருக்குக் கூரையாகவும் இருக்கும்.

உயரத்தில் பாரம் ஏறினால் பெட்டி சாயும் என்ற பயம் வாப்பாவுக்கு. குளக்கட்டில் ஏறும் பாதைகள் ஒரு பக்கம் சரிந்தவை. அதற்காகத்தான் ஐஸ் பெட்டியும் வலைகளும் பெட்டியின் தளத்தில், முன்பக்கமாக வைக்கப்படவேண்டும் என்று முடிவு செய்தோம். மேலே இருப்பது 80 கிலோ. கீழே அதைவிடக் கூட. "கீழ வெறுமையா, மேல வள்ளத்தோட மட்டும் ஓடப்படாது" என்று வாப்பா நால்வரிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

இனி வந்ததுதான் பெரிய பிரச்சினை. சட்டத்தின் நாலு கால்களையும் அடிச்சட்டத்தோடு ஒட்டுவதற்குப் பக்கப் பலகைகளை வெட்ட வேண்டும். வலப்பக்கப் பலகை உக்கிப்போயிருந்தது, அதில் பிரச்சினை இல்லை. இடப்பக்கம் பாலைமரம். வாப்பா சோக்கட்டியால் கோடு போட்டு, கிறைண்டரைக் கையில் எடுத்தார். ஐயா வந்து பலகையின் மேல் கையை வைத்தார்.

"இதை வெட்டாமல் செய்ய ஏலாதோ தம்பி?"

வாப்பா கிறைண்டரைக் கீழே வைத்தார். ஐயா சொன்னது இவ்வளவுதான். 2008 இல் நெடுங்கேணியை விட்டுப் போகும்போது குடும்பமே இந்தப் பெட்டியில்தான் போனது. ஒவ்வொரு ஊராக நகர்ந்து, கடைசியில் பெட்டியை விட்டுவிட்டு நடந்தார்கள். பிறகு முகாம். ஊர் திரும்பிய பின் பெட்டியைத் தேடிப் போனபோது, இலக்கத்தகடு இல்லாத துருப்பிடித்த பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. இந்தப் பாலைப் பலகையை வைத்துத்தான் அவர் தன் பெட்டியைக் கண்டுபிடித்தார். அது அவரே சீவிப் போட்ட பலகை. "மனிசி புதுக்குடியிருப்பு மட்டும் இதிலை சாய்ஞ்சுகொண்டுதான் வந்தவ" என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கூட வந்தவர்களில் ஒருவருக்குப் பொறுமை இல்லை. வள்ளத்தில் தனக்கும் பங்கு உண்டு, குளம் வற்றிக்கொண்டிருக்கிறது, ஒரு பலகைக்காக எத்தனை நாள் என்று முணுமுணுத்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வீட்டில் பிள்ளைகள் இருக்கிற மனிதர்.

அன்று பின்னேரம் வாப்பாவும் நானும் பெட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பார்த்தோம். கால்களைப் பலகைக்கு உள்ளே இறக்காமல் வெளியே நிறுத்தலாம். அடிச்சட்டத்தின் நாலு மூலையிலும் தடித்த தகட்டை ஒட்டி, அதில் கால்களைப் போல்ட்டால் பூட்டலாம். ஒரு காலுக்கு மூன்று வீதம் 12 போல்ட். பெட்டி இரு பக்கமும் மூன்று அங்குலம் அகலும், அவ்வளவுதான். ஒட்டிவிடுவதை விட இதற்குச் செலவு கூட. குலுக்கத்தில் நட் கழலாமல் இருக்க இரட்டை நட் போட வேண்டும். ஆனால் ஒரு பெரிய நன்மையும் இருந்தது. தை மாசியில் காலபோக அறுவடை வரும்போது சட்டத்தைக் கழற்றிவிட்டு நெல்மூட்டை ஏற்றலாம். பலகைக்காகத் தேடிய வழியில் பெட்டிக்கு இரண்டு தொழில் கிடைத்தது. முணுமுணுத்தவருக்கும் அது பிடித்துக்கொண்டது. அவருக்கு ஒன்றரை ஏக்கர் வயல் இருக்கிறது.

மற்ற வேலைகள் இலகுவானவை. பின் குறுக்குச் சட்டத்தில் ஒரு பீ.வீ.சீ. குழாயைக் கோர்த்தோம். வள்ளத்தின் மூக்கை அதில் ஏற்றி வைத்துத் தள்ளினால் குழாய் உருளும், வள்ளம் தானாக முன்னால் போகும். ஆறடி உயரத்துக்கு முழு வள்ளத்தையும் தூக்கத் தேவையில்லை. பெட்டிக்கு வில் இல்லாததால் ஒவ்வொரு குழியும் வள்ளத்தில் நேரடியாக அடிக்கும். அதற்குப் பழைய ரியூபைக் கீறிச் சட்டத்தில் சுற்றினோம். வள்ளத்தைக் கட்டுவதற்கும் ரியூப் நாடாதான், அதன் மேல் நைலோன் கயிறு. முன் மூக்கிலிருந்து தண்டுக்கு ஒரு கட்டு, பின்னாலிருந்து அடிச்சட்டத்துக்கு ஒரு கட்டு.

விளக்கு விஷயத்தில் மட்டும் வாப்பா யாருடைய பேச்சையும் கேட்கவில்லை. அவர்கள் அதிகாலை மூன்று நாலு மணிக்குப் புறப்படுகிறவர்கள். இருட்டில் போகும் லாண்ட்மாஸ்டர் பெட்டியில் பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் மோதிய செய்தி நமக்குப் புதிதல்ல. இதிலோ வள்ளம் நாலரை அடி பின்னால், சரியாக ஓர் ஆளின் தலை உயரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். "லைட் இல்லாம எங்கட காலத்திலை ஓடயில்லையோ?" என்று ஒருவர் கேட்டார். வாப்பா பதில் சொல்லாமல் வள்ளத்தின் பின்முனைக்கு ஒரு சிவப்பு விளக்கும், பெட்டிக்கு இரண்டும் பற்றரியில் பூட்டினார். பகலில் கட்டச் சிவப்புத் துணி, பக்கங்களில் ஒளிதெறிக்கும் நாடா. அந்தச் செலவைக் கூலியில் கழித்தார். யானைக்கு இந்த விளக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டதற்கு மட்டும் ஒருவரிடமும் விடையில்லை.

கடைசியாக மறுபடி தராசு. வள்ளம் மேலே, வலையும் ஐஸ் பெட்டியும் கீழே, இருக்கையில் ஆள் இல்லை. தண்டில் 57 கிலோ. பெட்டியும் சுமையும் சேர்ந்து ஐந்நூறுக்குக் கொஞ்சம் குறைவு என்பதால் அது போதுமான பாரம். இந்த முறை தண்டு அசையவில்லை. ஐயா தராசைப் பார்க்கவில்லை. பலகையில் இருந்த சோக்கட்டிக் கோட்டைத் தன் சாரத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கோடையில் அவர்கள் மூன்று குளங்களுக்குப் போனார்கள். மார்கழியில் அதே பெட்டியில் மீன்குஞ்சு போனது. ஒட்சிசன் நிரப்பிய பொலித்தீன் பைகளில் வரும் குஞ்சுகளுக்கு வெயில் ஆகாது. குளத்தில் இறக்க வள்ளமும் தேவைப்பட்டதால் அதையும் மேலே ஏற்றியிருந்தார்கள். அதன் நிழலில் பைகள் சூடாகாமல் போய்ச் சேர்ந்தன என்று ஐயா வந்து சொன்னார். நாங்கள் அதை நினைத்துச் செய்யவில்லை என்று வாப்பா சொல்லியும் அவர் நம்பவில்லை.

மாசியில் சட்டத்தைக் கழற்ற வந்தார்கள். பதினொரு போல்ட் இலகுவாகக் கழன்றது. பன்னிரண்டாவது துருப்பிடித்து இறுகியிருந்ததால் மண்ணெண்ணெய் ஊற்றி அரை மணித்தியாலம் காத்திருந்தோம். எல்லாப் போல்ட்டையும் கிறீஸ் பூசி ஒரு பால்மா ரின்னில் போட்டு வைத்திருக்கிறேன். சட்டம் கடையின் பின்சுவரில் சாய்ந்து நிற்கிறது. பெட்டி இப்போது நெல் ஏற்றுகிறது. வேறு ஒரு குளத்துக்காரர்கள் வந்து சட்டத்தை அளந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களின் வள்ளம் 18 அடியாம். கணக்கை மறுபடி முதலிலிருந்து போடவேண்டும்.