மாத்தணுமா, சரி பண்ணணுமா? – யூட்ரெக்டில் ஒரு பழைய சைக்கிள்

யூட்ரெக்ட் மத்திய ரயில் நிலையத்தை ஒட்டிய சதுக்கத்தின் அடியில் மூன்று தளங்களில் 12,500 சைக்கிள்களை நிறுத்தலாம். 2019-இல் முழுவதுமாகத் திறந்தபோது, உலகத்திலேயே பெரிய சைக்கிள் நிறுத்துமிடம் இதுதான் என்றார்கள். இறங்கி உருட்ட வேண்டாம், உள்ளே ஓட்டிக்கொண்டே போகலாம். முதல் 24 மணி நேரத்துக்குக் காசு கிடையாது. ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை எல்லோரும் டியூலிப் தோட்டத்துக்கும் காற்றாலைக்கும் கூட்டிப்போவார்கள். நான் முதலில் இங்கேதான் கூட்டி வருவேன்.

வந்தவர்கள் பார்த்து வியப்பது எண்ணிக்கையை மட்டும் இல்லை. பளபளக்கும் மின்சார சைக்கிளுக்குப் பக்கத்திலேயே, கிழிந்த சீட்டில் பிளாஸ்டிக் பை மாட்டிய துருப்பிடித்த சைக்கிள் ஒன்று நிற்கும். "இதையெல்லாம் இன்னுமா ஓட்டுறாங்க?" என்று என் மாமனார் கேட்டார். ஓட்டுறாங்க மாமா. இந்த நாட்டின் மக்கள்தொகை சுமார் 1.8 கோடி, சைக்கிள்கள் அதைவிட அதிகம். 'சரி பண்ணலாமா, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கலாமா' என்ற பேச்சு வராத வீடே இங்கே இருக்காது. இந்த வசந்தத்தில் அது எங்கள் வீட்டுக்கும் வந்தது.

நாங்கள் இருப்பது நகரத்துக்கு மேற்கே, லெய்ட்ஸ ரெய்ன் என்ற புதுக் குடியிருப்பில். அங்கிருந்து நகரத்துக்குள் வர ஆம்ஸ்டர்டாம்–ரைன் கால்வாயைத் தாண்ட வேண்டும். அதற்காக 2017-இல் திறந்த தொங்கு பாலம் ஒன்று இருக்கிறது. சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டும்தான். பெயர் டாஃப்னே ஸ்கிப்பர்ஸ் பாலம். யூட்ரெக்டில் பிறந்து 200 மீட்டர் ஓட்டத்தில் இரண்டு முறை உலக சாம்பியன் ஆனவர் அவர். கப்பல்கள் கீழே போகவேண்டும் என்பதால் பாலம் உயரம். கிழக்குப் பக்கம் இறங்கும் பாதை, வளைந்து வளைந்து ஒரு பள்ளிக்கூடத்தின் கூரை மேலேயே போகிறது. கூரையில் சைக்கிள், கீழே வகுப்பறை! அந்த வளைவு இறக்கத்தில் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் எங்கள் பாப்பா, "அப்பா, ஸ்கூல் மேல போறோம்!" என்று தினமும் புதுசாகச் சொல்வாள்.

எங்கள் சைக்கிள் 'ஓமாஃபீட்ஸ்' வகை. 'பாட்டி சைக்கிள்' என்று அர்த்தம். நிமிர்ந்து உட்காரும் உயர ஹேண்டில்பார், செயினை முழுக்க மூடிய கவர், பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே மூன்று கியர். நெதர்லாந்து வந்த புதிதில் பழசாக 180 யூரோவுக்கு வாங்கியது. ஆறு வருஷ மழை. குளிர்காலத்தில் சைக்கிள் பாதைகளிலும் உப்பு தூவுவார்கள், அந்த உப்பும் சேர்ந்துகொள்ளும். இந்த மார்ச்சில் பாலம் ஏறும்போது செயின் 'கடக் கடக்' என்று குதிக்க ஆரம்பித்தது.

செயின் குதித்தால் என்ன, மெதுவாக மிதித்துப் போய்விடலாமே என்று தோன்றும். நம்ம ஊர் சைக்கிளுக்கு அது சரி. இந்தப் பாட்டி சைக்கிளில் பின் பிரேக்குக்குக் கம்பி கிடையாது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். அந்த மிதி சக்கரத்துக்குப் போவது செயின் வழியாக. செயின் கழன்றால் சைக்கிள் ஓடாது என்பது மட்டும் இல்லை, பின் பிரேக்கே இல்லை. பாப்பாவோடு அந்த இறக்கத்தில் இறங்கும்போது மிச்சம் இருப்பது முன்சக்கரத்தின் கை பிரேக் மட்டும். அதன் கட்டையும் தேய்ந்திருந்தது.

அந்த வாரமே லொம்போக் பகுதியில் இருக்கும் ஒரு கடைக்குப் போனேன். இங்கே சைக்கிள் ரிப்பேர் பண்ணுபவருக்கு 'ஃபீட்ஸென்மாக்கர்' என்று பெயர். நேராகப் பார்த்தால் 'சைக்கிள் செய்பவர்'. டச்சு மொழியில் செய்வதற்கும் சரிசெய்வதற்கும் 'மாக்கென்' என்ற ஒரே சொல்தான். பெரியவர் சைக்கிளை ஸ்டாண்டில் தூக்கி மாட்டி, பத்து நிமிஷம் ஒன்றும் பேசாமல் பார்த்தார். பிறகு ஒரு சீட்டில் எழுதித் தந்தார்: செயினும் முன்பின் பல்சக்கரங்களும் 85 யூரோ, பின் டயர், ட்யூப் 60, பின் கேரியர் 55, முன் பிரேக் கட்டையும் கேபிளும் 30, பெடல் 25. மொத்தம் 255.

வீட்டில் சீட்டைக் காட்டியதும் மனைவி கேட்டாள்: "ஏங்க, 180 யூரோ சைக்கிளுக்கு 255 யூரோ ரிப்பேரா? யாராவது கேட்டா சிரிப்பாங்க."

கேள்வி நியாயமானதுதான். ஆனால் 180 என்பது ஆறு வருஷத்துக்கு முன் கொடுத்து முடித்த காசு. இப்போதைய கணக்கில் அது வராது. 255 கொடுத்தால் இந்த சைக்கிள் கிடைக்கும், அதே காசுக்கு வெளியே என்ன கிடைக்கும்? கடையில் புதுசு 800 யூரோ பக்கம். 250-க்குப் பழசு கிடைக்கும்தான். ஆனால் அதன் செயின் எந்த நிலையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. ஆபீஸில் பழைய ப்ரோக்ராமைப் பார்க்கும்போதெல்லாம் 'முதல்லேருந்து புதுசா எழுதிடலாம்' என்று ஒருவர் சொல்வார். பழசில் இருக்கும் பிழைகள் நமக்குத் தெரியும், புதுசில் வரப்போகும் பிழைகள் தெரியாது. சைக்கிளும் அப்படித்தான்.

கோவில்பட்டியில் நான் ப்ளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த இலவச சைக்கிளை ஓட்டினேன். அப்போதெல்லாம் எதையும் மாற்றியதாக ஞாபகம் இல்லை. செயின் தொங்கினால் ஒரு கண்ணியை வெட்டி எடுத்துவிடுவார் கடைக்காரர். டயர் கிழிந்தால் உள்ளே பழைய டயர் துண்டு ஒன்றை வைப்பார். கேரியர் உடைந்தால் பக்கத்துப் பட்டறையில் வெல்டிங். அங்கே பொருள் விலை அதிகம், ஆள் கூலி குறைவு. அதனால் ஒட்டுப்போடுவது லாபம். இங்கே தலைகீழ். பெரியவரின் ஒரு மணி நேரக் கூலியில் இரண்டு டயர் வாங்கலாம். அதனால் எதைக் கேட்டாலும் 'மாத்திடலாம்' என்பார்கள். அப்படியும் ரிப்பேரை ஊக்குவிக்க அரசு ஒன்று செய்திருக்கிறது: புது சைக்கிளுக்கு மதிப்புக் கூட்டு வரி 21 சதவீதம், சைக்கிள் ரிப்பேர் கூலிக்கு 9 சதவீதம்தான்.

கூலிக் கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். ஒட்டுப்போடக் கூடியது எது, கூடாதது எது என்று ஒவ்வொரு பாகமாகப் பிரித்துப் பார்த்தேன். மூன்று வகை வந்தது.

முதல் வகை, தேய்வதற்காகவே இருப்பவை. செயின், டயர், பிரேக் கட்டை, கேபிள். செயின் 'நீண்டுவிட்டது' என்கிறோமே, இரும்பு உண்மையில் நீளுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் இருக்கும் பின் தேய்ந்து இடைவெளி விழுகிறது. கண்ணியை வெட்டினால் தொய்வுதான் போகும், இடைவெளி அப்படியே இருக்கும். பல்லில் சரியாக உட்காராமல் ஏறிக் குதிக்கும். இதை வீட்டிலேயே அளக்கலாம், பாப்பாவின் அடி ஸ்கேல் போதும். ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை அங்குலம். அதனால் ஒரு பின்னிலிருந்து 24-ஆவது இடைவெளி முடியும் பின்வரை சரியாக 12 அங்குலம் வர வேண்டும். அதைவிட அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்றும் நேரம். எட்டில் ஒரு பங்கு கூடிவிட்டால் பல்சக்கரத்தையும் தேய்த்திருக்கும், சேர்த்தே மாற்ற வேண்டும். கவரைக் கழற்றி அளந்தேன். எட்டில் ஒரு பங்குக்கும் மேலே. பெரியவர் எழுதியது சரி.

இரண்டாவது வகை, நம்மைச் சுமப்பவை. ஃப்ரேம், முன் ஃபோர்க், ஹேண்டில்பார், குழந்தை சீட் உட்காரும் கேரியர். சைக்கிளே தேறுமா தேறாதா என்று முடிவு செய்வது இந்த வகைதான். ஹேண்டில்பார் குழாய் ஃப்ரேமில் சேரும் இடத்துக்குப் பின்னால் பெயின்டில் கோடு விழுந்திருக்கிறதா, குழாய் புடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நின்று ஃபோர்க் பின்பக்கம் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரும்பு ஃப்ரேம் பெரும்பாலும் வளைந்து காட்டிக்கொடுக்கும். அலுமினியம் அவ்வளவு எச்சரிக்கை தராமல் முறியலாம். எங்களுடையது இரும்பு, ஃப்ரேமும் ஃபோர்க்கும் நேராக இருந்தன. ஆனால் கேரியரின் ஒரு பற்றவைப்பில், துருவுக்கு அடியில் முடி போல ஒரு விரிசல். "வெல்டிங் வெச்சா தாங்காதா?" என்று கேட்டேன். பெரியவர், "மூட்டை ஏத்துறதுன்னா வெல்டிங். குழந்தை உட்காருதுன்னா புதுசு" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

மூன்றாவது வகை, எப்படி இருந்தாலும் உயிருக்கு ஒன்றும் ஆகாதவை. மட்கார்டு, மணி, சீட் கிழிசல், செயின் கவர். இதற்கெல்லாம் கம்பி, டேப், கோவில்பட்டி மூளை எது வேண்டுமானாலும் போதும்.

பெரியவர் கடைசியாக ஒன்று கேட்டிருந்தார்: "இதை இன்னும் எத்தனை வருஷம் ஓட்டப் போறீங்க?" அதைப் பொறுத்து எந்தத் தரத்தில் டயர், எந்த செயின் என்று போடுவாராம். சாதாரண தொழில்முறைக் கேள்விதான். ஆனால் வீட்டில் அதைச் சொன்னதும் நாங்கள் இரண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் நம் வீடுகளில் இந்தக் கேள்விக்கு ஒரு தயார் பதில் இருக்கும்: 'இன்னும் ரெண்டு வருஷம்'. அந்த இரண்டு வருஷத்துக்காக நல்ல மெத்தை வாங்க மாட்டோம், சுவரில் ஆணி அடிக்க மாட்டோம், திரைச்சீலை மாற்ற மாட்டோம். ஆறு வருஷம் ஓடியிருக்கும். ஒரேயடியாகப் புதுசு வாங்கினால் இங்கேயே தங்கிவிட்டோம் என்று ஒத்துக்கொண்டது மாதிரி, ரிப்பேருக்குச் செலவு பண்ணினாலும் அப்படியே. அதனால் இரண்டையும் செய்யாமல் தள்ளிப்போடுவது. இப்படி வந்துபோகிறவர்களுக்கு என்றே இங்கே மாத வாடகை சைக்கிளும் இருக்கிறது. 2014-இல் டெல்ஃப்டில் தொடங்கிய ஸ்வாப்ஃபீட்ஸ் நிறுவனத்தின் நீல நிற முன்டயர் சைக்கிள்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். ரிப்பேர் அவர்கள் பொறுப்பு. ஓரிரு வருஷத்துக்குப் படிக்க வருபவர்களுக்கு நல்ல வழி. எங்களைப் போல இரண்டு வருஷத்தை மூன்று முறை முடித்தவர்களுக்குக் கணக்கு கட்டாது.

வழி சொன்னது என் மனைவிதான். "ஊருக்குப் போறதா வேண்டாமான்னு இன்னைக்கு ராத்திரி முடிவு பண்ண முடியாது. பாப்பா இந்த சீட்ல எத்தனை நாள் உட்காருவா? அதைச் சொல்லுங்க."

அதற்குப் பதில் சீட்டின் அடியிலேயே அச்சடித்திருந்தது: 22 கிலோ வரை. பாப்பா இப்போது 14 கிலோ. வருஷத்துக்கு இரண்டு, இரண்டரை கிலோ கூடினால் மூன்று வருஷத்துக்கும் கொஞ்சம் மேலே. இங்கே பிள்ளைகள் நான்கு வயது முடிந்ததும் பள்ளிக்குப் போகிறார்கள். இந்தக் கோடையில் அவளுக்கு நான்கு. ஆக, நாங்கள் எங்கே செட்டில் ஆகப்போகிறோம் என்று தெரியாவிட்டாலும், இங்கே இருக்கும்வரை பள்ளிக்குக் கூட்டிப்போகப் போவது இந்த சைக்கிள்தான் என்பது தெரிந்தது. "மூணு வருஷம்" என்று பெரியவரிடம் சொன்னேன். நடுத்தர டயரும் நல்ல செயினும் போட்டார்.

ஐந்தில் நான்கு வேலையைக் கடையில் கொடுத்தோம், 230 யூரோ. பெடலை மட்டும் 14 யூரோவுக்கு வாங்கி நானே மாட்டினேன். முயற்சி செய்பவர்களுக்கு ஒரு தகவல்: இடது பெடலின் மரை தலைகீழ். மற்ற நட்டுகளைப் போலத் திருப்பினால் கழலாது, இன்னும் இறுகும். தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் பக்கத்தில் 'ரிப்பேர் கஃபே' இருக்கிறதா என்று பாருங்கள். 2009-இல் மார்ட்டின போஸ்ட்மா என்பவர் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியது, இப்போது பல நாடுகளில் நடக்கிறது. தன்னார்வலர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவார்கள்.

சைக்கிளை எடுக்கப் போனபோது பெரியவர் ஃப்ரேமைத் தட்டி, "இதைத் தூக்கிப் போட்டிருந்தா 'ஸொண்டெ' ஆயிருக்கும்" என்றார். டச்சில் அந்தச் சொல்லுக்குப் 'பாவச்செயல்' என்றும் அர்த்தம், 'அடடா, வீணாப் போச்சே' என்றும் அர்த்தம். தமிழிலும் பாவம் என்றால் செய்யக் கூடாததும்தான், பரிதாபமும்தான் என்று அவருக்குச் சொன்னேன். பிடித்துப்போய், 'பாவம், பாவம்' என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

உங்கள் வீட்டு ஷெட்டில் நிற்கும் சைக்கிளையும் இந்த வாரக் கடைசியில் ஒரு தடவை பாருங்கள். ஸ்கேல் வைத்துச் செயினை அளந்து பாருங்கள். குழந்தை சீட் இருந்தால், அதைத் தாங்கும் கேரியரின் துருவைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். மட்கார்டு ஆடினால் ஆடட்டும்.

எங்களுக்கு இனி 22 கிலோ வரைக்கும் கவலை இல்லை. அதற்குள் பாப்பாவே தனி சைக்கிள் கேட்பாள். அப்போது 'எத்தனை வருஷம்' என்ற கேள்வி மறுபடி வரும். வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.