சாய்ந்து நிற்றல்

தமிழ்நாட்டுச் சாலைகளில் அறிமுகமற்ற ஒருவர் நம்மை நோக்கிக் குரல் எழுப்பினால் அது பெரும்பாலும் வசையாகவே இருக்கும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. முன்னே செல்லும் வண்டியின் சைடு ஸ்டாண்டு மடக்கப்படாமல் நீட்டிக்கொண்டிருப்பதைப் பின்னால் வருபவர் பார்த்துவிடுகிறார். உடனே விரைந்து வந்து, பக்கத்தில் இணைந்து ஓட்டியபடி, "சைடு ஸ்டாண்டு, சைடு ஸ்டாண்டு" என்கிறார். எதிரே வருபவருக்குப் பேச அவகாசம் இல்லை. கையைத் தாழ்த்தி ஒரு சைகை. பேருந்தின் சன்னலோரத்தில் அமர்ந்திருப்பவரும் எட்டிப் பார்த்துச் சொல்கிறார். முன்னவர் குதிகாலால் தட்டி அதை மடக்குகிறார். சொன்னவர் நன்றிக்குக் காத்திராமல் போய்விடுகிறார். பெயர், ஊர், சாதி, கட்சி எதுவும் விசாரிக்கப்படாத இந்தச் சில நொடி உறவு நம் சாலைகளின் மிகச் சிறந்த பண்பு என்றே தோன்றுகிறது.

அக்குரலுக்குக் காரணம் இருக்கிறது. இடப்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கால், வண்டி இடப்பக்கம் சாய்ந்து திரும்பும்போது தரையில் இடிக்கும். இடித்தால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பி, வண்டி ஓட்டுபவரைத் தூக்கி எறியக்கூடும். இதை நம்மில் அநேகர் அறிவோம். ஆனால், ஓடும் வண்டிக்குக் குரல் கொடுக்கும் நாம், நிற்கும் வண்டிக்குக் குரல் கொடுப்பதில்லை. நிறுத்தப்பட்ட வண்டியை யாரும் பார்ப்பதே இல்லை. அது நின்றுவிட்டது, இனி அபாயம் இல்லை என்று எண்ணுகிறோம். எங்கள் வீட்டில் அப்படி எண்ண அனுமதி இருந்ததில்லை.

அரசுப் பணியில் இருந்த எங்கள் அப்பா 1984இல் வேலூரில் ஒரு புல்லட் வாங்கினார். திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் உருவான வண்டி. நூற்றைம்பது கிலோவைத் தாண்டும் அந்த எடையை அவர் எப்போதும் டபுள் ஸ்டாண்டில்தான் நிறுத்துவார். இடக்கை கைப்பிடியில், வலக்கை இருக்கைக்கு அடியில், வலக்கால் ஸ்டாண்டின் நீட்சியில். உடல் எடை முழுவதையும் அந்தக் காலில் இறக்குவார். வண்டி 'தடக்' என்ற ஒலியுடன் பின்னேறி நிற்கும். "தூக்காதே, மிதி" என்பது எங்கள் மூவருக்கும் அவர் கற்பித்த முதல் பாடம். அந்த ஒலி கேட்டதும் அம்மா அடுப்பில் பால் வைப்பார். அப்பா வந்துவிட்டார் என்பதற்குத் தெருவுக்கே அது அடையாளம்.

சைடு ஸ்டாண்டை அவர் வெறுத்ததற்குக் காரணம் 1987ஆம் ஆண்டுக் கோடை. வேலூர் வெயிலை அறிந்தவர்களுக்குப் பிற்பகலில் தார்ச்சாலை எப்படி இளகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எதிர்வீட்டுக்கு வந்த விருந்தினர் ஒருவரின் வண்டி சாலையோரத்தில் சாய்ந்து நின்றிருந்தது. அதன் நிழலில் பையன்கள் கோலி ஆடிக்கொண்டிருந்தார்கள். காற்று இல்லை, யாரும் தொடவும் இல்லை. இரும்புப் பாதம் இளகிய தாரில் சிறிது சிறிதாகப் புதைந்துகொண்டிருந்ததை எவரும் கவனிக்கவில்லை. வண்டி மெதுவாகச் சாய்ந்து விழுந்தது. ஒரு பையனின் கணுக்கால் அடியில் சிக்கியது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அன்று இரவு அப்பா, "நிறுத்தின வண்டிக்கும் நாமதான் பொறுப்பு" என்று மட்டும் சொன்னார்.

சைடு ஸ்டாண்டு என்பது ஓர் இரும்புக் கால், ஒரு ஆணி, ஒரு ஸ்பிரிங். அவ்வளவுதான். அந்த ஸ்பிரிங்கின் சாமர்த்தியம் தனி. கால் பாதி வழியைக் கடந்ததும் அதன் இழுப்பு மறுபக்கம் மாறிவிடுகிறது. ஆகவே மடக்கிய நிலையில் காலை மேலே பிடித்துக்கொள்வதும் அதுதான், விரித்த நிலையில் முன்னே பிடித்துக்கொள்வதும் அதுதான். விரித்த கால் சற்றே முன்னோக்கி நீண்டிருக்கும். வண்டியின் பாரம் அதை இன்னும் முன்னே தள்ளி ஒரு தடுப்பின்மீது அழுத்துகிறது. வண்டி பின்னால் நகர முயன்றால் கால் மேலும் இறுகும். முன்னால் நகர்ந்தாலோ பாதம் பின்தங்கி, கால் மடங்கத் தொடங்கும். இரண்டு சக்கரங்களும் இந்தப் பாதமும் தரையைத் தொடும் மூன்று இடங்களை இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். வண்டியின் எடைமையத்திலிருந்து நேர்கீழே இறங்கும் கோடு அந்த முக்கோணத்துக்குள் விழும்வரை வண்டி நிற்கும். வெளியே போனால் விழும். நான்கு கால் நாற்காலிக்கும் இதே விதிதான். நாற்காலியின் பரப்பு தாராளமானது, இந்த முக்கோணம் ஒடுங்கியது என்பதே வேறுபாடு.

அப்பா பணி ஓய்வு பெற்ற பிறகு, 2005இல் ஒரு மாலை, வாசலில் வண்டி வந்து நின்றது. 'தடக்' ஒலி எழவில்லை. சிறிய இரும்பொலி ஒன்று கேட்டது. அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து பார்த்தார். புல்லட் இடப்பக்கம் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. அப்பா எதுவும் சொல்லாமல் உள்ளே வந்து கால் கழுவினார். அம்மா திரும்பிப் போய்ப் பால் வைத்தார். நாங்களும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதே மரியாதை என்று எங்கள் மூவருக்கும் ஒருசேரத் தோன்றியது.

ஆனால், இருபது ஆண்டுகள் விலக்கி வைத்த ஒன்றை ஏற்றுக்கொண்டவர், அதை அலட்சியமாக ஏற்றுக்கொள்ளவில்லை. அடுத்த வாரமே உள்ளங்கை அகலத்தில் தேக்குப் பலகைத் துண்டு ஒன்றை அறுத்துக்கொண்டார். அதில் துளையிட்டு ஒரு கயிற்றைக் கோத்து வண்டியின் பக்கப் பெட்டியில் வைத்தார். மண் தரையிலும், கோடையில் தாரிலும், ஸ்டாண்டின் பாதத்துக்கு அடியில் அந்தப் பலகை. பாரம் ஒரு புள்ளியில் இறங்காமல் பரவுவதற்கு அது போதும். கயிறு எதற்கென்று கேட்டோம். புறப்படும்போது வண்டிமேல் உட்கார்ந்தபடியே, குனியாமல் இழுத்து எடுத்துக்கொள்ள. குனிவது கடினமாகிவிட்டது என்பதை அவர் எங்களிடம் சொன்ன விதம் அதுதான்.

பிறகு அது ஒரு சடங்கானது. முதலில் குதிகாலால் தரையை அழுத்திப் பார்ப்பார். ஸ்டாண்டைத் தடுப்பில் முட்டும்வரை தள்ளுவார். வண்டியைச் சாய்த்து, பாரம் இறங்கியதும், சற்றே முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பார். என்ஜின் அணைந்திருக்க, முதல் கியரில் விடுவார். சக்கரம் தானாக உருளாது. கைப்பிடியை இடப்புறம் முழுக்கத் திருப்புவார். பெட்ரோல் குழாயை மூடுவார். சாய்ந்து நிற்கும் கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் கசிய வாய்ப்புண்டு. இரண்டடி நடந்து ஒரு முறை திரும்பிப் பார்ப்பார். நின்றிருக்கும் வண்டியில் குழந்தைகளை உட்கார வைக்க ஒருநாளும் சம்மதித்ததில்லை.

சாலையோரம் நிறுத்தும்போது இன்னொன்றையும் பார்ப்பார். மழைநீர் வடிவதற்காக நம் சாலைகள் நடுவில் உயர்ந்தும் ஓரங்களில் தாழ்ந்தும் அமைக்கப்படுகின்றன. இடது ஓரத்தில் நிறுத்தினால் தரையும் இடப்பக்கம் சரிந்திருக்கும். வண்டி அளவுக்கு மீறிச் சாயும். வலது ஓரத்தில் அதே திசை நோக்கி நிறுத்தினால் தரை வலப்பக்கம் சரிந்திருக்கும். வண்டி ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். நிமிர்ந்து நிற்பது பார்வைக்கு நன்று. ஆயினும் ஒரு தோள்பட்டை இடித்தால் மறுபக்கம் விழுந்துவிடும். நன்றாகச் சாயாததும் விழும், அதிகம் சாய்ந்ததும் விழும் என்று அப்பா சொல்வார்.

எங்களில் மூத்தவர் திருமணமாகிக் குன்னூருக்குப் போனபின் சரிவின் இலக்கணத்தையும் கண்டோம். மேட்டை நோக்கி முகம் இருக்க நிறுத்தினால், வண்டி பின்னுக்கு இழுக்கப்பட்டு ஸ்டாண்டு இறுகும். பள்ளத்தை நோக்கி நிறுத்தினால், வண்டி முன்னே நழுவி ஸ்டாண்டு மடங்கும். அவ்வூரில் பலர் பின்சக்கரத்தை நடைபாதை விளிம்பில் முட்டவிட்டு நிறுத்துவதைப் பார்த்து அப்பா மகிழ்ந்தார். அவர்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை, சரிவே கற்பித்திருக்கிறது.

சமதளத்துக்கும் சோதனை உண்டு. காட்பாடி ரயில் நிலைய வண்டி நிறுத்தத்தில், விடியலில் சென்னைக்குப் போகிறவர்கள் விட்டுச்செல்லும் வண்டிகள் கைப்பிடியோடு கைப்பிடி உரச நிற்கும். ஒன்று விழுந்தால் வரிசையே விழும். "நம்ம வண்டி தனியா விழுந்தா நம்ம நஷ்டம், வரிசையில விழுந்தா ஊரு நஷ்டம்" என்று, வரிசையின் கடைசியில் ஒரு முழம் இடைவெளி விட்டுத்தான் நிறுத்துவார்.

2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 நெறி நடைமுறைக்கு வந்தது. அதற்குப்பின் வந்த வண்டிகள் பலவற்றில், ஸ்டாண்டு விரிந்திருக்கையில் கியர் போட்டால் என்ஜின் அணைந்துவிடுகிறது. மின்சார ஸ்கூட்டர்கள் பலவும் அந்நிலையில் நகர மறுக்கின்றன. நல்ல ஏற்பாடு, எத்தனையோ உயிர்களைக் காக்கக்கூடியது. சாலையில் அந்நியர்கள் எழுப்பும் குரல் இதனால் குறையலாம். அதற்காக வருந்துவது முறையன்று. ஆனால் அந்த மின்விசை காப்பது புறப்படும் கணத்தை மட்டுமே. தரை இளகியிருக்கிறது, சரிவு முன்னோக்கி இருக்கிறது, பக்கத்தில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. நிறுத்திவிட்டுப் போகிறவர் திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு பார்வைக்கு மாற்று ஏதும் இன்னும் வந்துவிடவில்லை.

2014இல் அப்பாவுக்கு முழங்கால் முற்றிலும் தளர்ந்தது. மருத்துவர் சொல்லி இரண்டு மாதம் ஆகியும் கைத்தடியை யார் வாங்கித் தருவது என்று நாங்கள் மூவரும் தயங்கிக்கொண்டிருந்தோம். கடைசியில் ஒன்றாகவே போய் வாங்கி வந்தோம். அவர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் தடியைக் கவிழ்த்து, அடியிலிருந்த ரப்பர் பூணைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். தரையில் ஊன்றி, முன்னும் பின்னும் அசைத்தார். பிறகு மெல்லத் தன் பாரத்தை அதன்மீது இறக்கினார். "நிக்குது" என்றார்.

அப்பா 2017இல் மறைந்தார். புல்லட் இப்போது எங்களில் இளையவர் வீட்டில் இருக்கிறது. பக்கப் பெட்டியில் அந்தத் தேக்குத் துண்டும் இருக்கிறது. கயிற்றை மட்டும் இருமுறை மாற்றியிருக்கிறோம்.