விழாத கியர்

பங்கின் பழைய பிக்கப் வண்டியில் அரிசி மூட்டைகளோடு மலைக்கிராமத்திற்குப் புறப்பட்டோம். அடிவாரத்தில் நின்ற வண்டி மறுபடி நகரவில்லை. முதல் கியர் விழ மறுத்தது. ஓட்டுநர் தம்பி வலிந்து தள்ளியபோது நறநறவென்று ஓசை. "கியர்பாக்ஸை உடைத்துவிட்டாயே!" என்று, மூட்டை இறக்க உடன் வந்தோர் கேட்கவே கடிந்துகொண்டேன். அவன் வாய் திறக்கவில்லை.

வண்டியை அருகிலிருந்த பட்டறைக்குத் தள்ளிச் சென்றோம். முதிய மெக்கானிக் கியர்பாக்ஸைத் தொடவேயில்லை. எஞ்சினை நிறுத்திக் கியர் மாற்றச் சொன்னார். எல்லாம் எளிதில் விழுந்தன. எஞ்சின் ஓடுகையில்தான் தகராறு. ஆகவே, கிளட்ச் முழுதாக விலகவில்லை என்றார். மிதியை நான்கைந்து முறை அடுத்தடுத்து அழுத்தியதும் கியர் இறங்கியது. குழாயில் காற்று! கீழ்ச் சிலிண்டரின் ரப்பர் கப் தேய்ந்து எண்ணெய் கசிந்திருந்தது. குருமடத்தில் காரணகாரியம் பயின்றவன் நான்; ஓசை வந்த இடத்தையே குற்றவாளியாக்கிவிட்டேன்.

"பிரேக் ஆயில் டப்பாவை எப்போது பார்த்தீர்கள், சாமி? கிளட்சுக்கும் அதே ஆயில்தான்."

எனக்குச் சுருக்கென்றது. மிதி தொய்கிறது என்று தம்பி ஒரு மாதத்திற்கு முன்பே சொல்லியிருந்தான். திருவிழா முடியட்டும் என்றவன் நானே.

புதிய கப் பொருத்தியபின், தம்பி மிதியை அழுத்திப் பிடிக்க, முதியவர் கீழே திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினார். குமிழிகள் நிற்கும்வரை டப்பாவில் எண்ணெய் ஊற்றும் வேலை எனக்கு.

புறப்படுமுன், கடிந்ததைக் கேட்ட அதே மனிதர் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சாமி, இருட்டுவதற்குள் மேலே போய்விடலாம்" என்று முதல் கியரைப் போட்டான்.